திருப்பிச் சொல்ல முடியாத 'நீ'

சுவீடன் நாட்டு மொழியில் 'நீ' என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் என்ன தெரியுமா? 'நீங்கள்'!

நம் 'நீ'க்கும் அந்த 'நீ'க்கும் எவ்வித உறவும் இல்லை. ஒலி ஒன்றாக அமைந்தது தற்செயல். காதுக்கு ஒத்து விழும் இரண்டு சொற்களைக் கண்டவுடனே, உலக மொழிகள் யாவும் நம் வீட்டுத் தொட்டிலில் வளர்ந்தவையே என்று முழங்கிக் கைதட்டல் பெறும் ஆசை தமிழ் மாணவர் மன்றங்களுக்கு என்றும் உண்டு. அந்த ஆசையை இக்கட்டுரையில் விலக்கி வைக்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சிறு சொல் பிறந்த கதையையும், பெருமை பெற்ற கதையையும், பிறகு பெருமை இழந்த கதையையும் படித்தபோது எனக்கு நான் பிறந்த கோலார் தங்கவயல் நினைவுக்கு வந்தது. என் தாத்தா நினைவுக்கு வந்தார். நினைவுக்கு வந்ததோடு நில்லாமல், என்னைத் தலைகுனியவும் வைத்தார்.

ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு தாத்தா என்னைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்தார். தங்கவயலில் நிலத்துக்கு அடியில் உழைத்தவர் அவர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் சென்று, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலில் காவல் நின்றவர். அவரை உணவுக்கூடத்தில் உட்கார வைத்தேன். பரிமாறும் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். தலை பாதிக்குமேல் நரைத்தவர். "ஏய், நீ போய் ரெண்டு டீ எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

தாத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்தார். "நீங்க இருங்கய்யா, நான் எடுத்துக்கிறேன்" என்று அந்தப் பெரியவரிடம் சொன்னார். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டார். மூன்று தம்ளர்களோடு திரும்பி வந்தார். மூன்றாவது தம்ளர் அந்தப் பெரியவருக்கு.

தேநீர் முடிகிற வரையில் என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "நான் வேலை பாத்த எடத்துல உன் வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். தமிழ்ப் பையன்தான். கன்னடக்கார டிரைவர்கிட்ட 'நீவு'ன்னு மரியாதையாப் பேசுவான். என்னைப் பாத்தா மட்டும் 'ஏய், நீ கேட்டைத் திற'ம்பான். நம்ம புள்ளைங்க படிச்சா அப்படிப் பேசாதுங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்தச் சில சொற்களைத் தூக்கிக்கொண்டு ஓராண்டாக அலைகிறேன். அதன் பயன்தான் இக்கட்டுரை.

சுவீடன் கண்ட மாற்றம்

பழைய சுவீடிய மொழியில் ஒருவனை அழைக்க 'டூ' என்ற சொல் இருந்தது. பலரை அழைக்க 'ஈ' என்ற சொல் இருந்தது. பலரைக் குறித்து வரும் வினைச்சொற்கள் 'ன்' என்ற ஒலியில் முடிந்தன. வினையை முன்னும் பெயரைப் பின்னும் வைத்துப் பேசும்போது, முன்சொல்லின் ஈற்றில் நின்ற 'ன்' பின்சொல்லின் தலையில் ஒட்டிக்கொண்டது. 'ஈ' என்பது 'நீ' ஆயிற்று. புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்து மறந்துபோன நமக்கு இது வியப்பன்று. பேசுகின்ற வாய் சொற்களுக்கு இடையே வேலி போடுவதில்லை.

இவ்வாறு 17ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்ற அச்சொல், பலரைக் குறிப்பதோடு, ஒருவரை மதித்துக் கூறவும் பயன்பட்டது. நம் 'நீங்கள்' போலத்தான். ஆனால் அதன் நல்ல காலம் நீடிக்கவில்லை. சுவீடனில் பட்டங்களின் ஆட்சி வலுத்தது. பட்டமும் பதவியும் உடையவரை அந்தப் பட்டத்தாலேயே, படர்க்கையில் வைத்தே பேசவேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது. எதிரே நிற்கும் இயக்குநரைப் பார்த்தே, "இயக்குநர் காப்பி அருந்துகிறாரா?" என்று கேட்பார்கள். அப்படியானால் 'நீங்கள்' என்ற பொருளுடைய அந்தச் சொல் யாருக்கு? பட்டம் இல்லாதவருக்கு! மதிப்பதற்காகப் பிறந்த சொல்லே, "உனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பட்டமும் இல்லை" என்று குத்திக்காட்டும் சொல்லாகிவிட்டது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அச்சொல்லால் அழைக்கலாம். கீழே இருப்பவர் அதே சொல்லை மேலே திருப்பி அனுப்பினால் அது குற்றம்.

பட்டம் தெரியாத ஒருவரிடம் பேச நேர்ந்தால் என்ன செய்வது? பெயரும் இல்லாமல், முன்னிலைச் சொல்லும் இல்லாமல், வாக்கியத்தை வளைத்து நெளித்துப் பேசினார்கள். "காப்பி வேண்டியிருக்குமா?" என்பதுபோல, ஆளையே காட்டாத வாக்கியங்கள்.

நகைக்காதீர்கள், நண்பர்களே! இதையே நாமும் செய்கிறோம். எதிரே வருபவரை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா என்று தடுமாறும்போது, "சாப்பிட்டாச்சா?" என்கிறோம். "எங்கே, வெளியூர்ப் பயணமா?" என்கிறோம். யார் சாப்பிட்டது, யாருடைய பயணம் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. உயர் அலுவலரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "சார் எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. சுவீடியர்களுக்கு வந்த நோய் நமக்குத் தெரியாத நோய் அன்று.

அவர்கள் மருந்து கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அங்கே பலருக்கு இந்தச் சடங்கு சலித்துவிட்டது. 1967ஆம் ஆண்டு, தண்டுவட ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மருத்துவப் பேராசிரியரான புரூர் ரெக்செட் என்பவர் அந்நாட்டு மருத்துவத் துறை வாரியத்தின் தலைவரானார். பொறுப்பேற்றதும், தம்மிடம் பணிபுரிவோர் அனைவரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாகவும், அவர்களும் தம்மை அவ்வாறே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். அவர் ஒருவரே அந்த மாற்றத்தைச் செய்தார் என்பது பொருந்தாது. கனிந்திருந்த காலம் அவரைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் அலுவலகங்களிலும், கடைகளிலும், கல்லூரிகளிலும் 'டூ' பரவியது. பட்டங்கள் பேச்சிலிருந்து உதிர்ந்தன. அரச குடும்பத்தாரை மட்டும் இன்றும் படர்க்கையில் வைத்துப் பேசுகிறார்கள்.

இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரெக்செட் "நான் உங்களை 'டூ' என்பேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது புதுமை ஆகியிராது. மேலதிகாரி கீழே இருப்பவரை ஒருமையில் அழைப்பது உலகம் தோன்றிய நாளிலிருந்து நடப்பது. "நீங்களும் என்னை அப்படியே அழையுங்கள்" என்றாரே, அங்கேதான் சீர்திருத்தம் இருக்கிறது.

நம் சொற்களின் வரலாறு

இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

தொல்காப்பியம் முன்னிலைப் பெயர்களாக 'நீ', 'நீயிர்' என்னும் இரண்டைக் காட்டுகிறது. முன்னது ஒருவருக்கு, பின்னது பலருக்கு. இரண்டும் ஆண்பால், பெண்பால் வேறுபாட்டைக் காட்டுவதில்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. அதோடு, ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல்லே. இலக்கண நெறியால் வந்தது அன்று என்றும் உரைக்கிறது. எண்ணிப் பாருங்கள்! ஒருவரைப் பலராக்கி மதிக்கும் பழக்கம் அந்நாளிலேயே மக்கள் வாயில் இருந்திருக்கிறது. இலக்கண ஆசிரியர் அதைக் கண்டார். விதிக்குள் அடக்க விரும்பவில்லை. ஆயினும் மறைக்கவும் இல்லை.

அதே நேரத்தில், சங்கப் புலவர்கள் முடியுடை வேந்தரையும் 'நீ' என்றே விளித்துப் பாடினார்கள். பரிசில் பெற வந்த புலவர் பாரியையும் அதியமானையும் 'நீ' என்றார். எந்த மன்னனும் அதற்காக முகம் சுளிக்கவில்லை. பின்வந்த அடியார்கள் இறைவனையே 'நீ' என்றார்கள். ஆகவே, 'நீ' என்ற சொல் தன்னளவில் இழிந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

13ஆம் நூற்றாண்டின் நன்னூலுக்கு வருவோம். பவணந்தி முனிவர் எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என்று ஐந்து சொற்களை அடுக்குகிறார். அந்த வரிசையில் 'நீங்கள்' இல்லை! இன்று நாம் நாள்தோறும் நூறு முறை சொல்லும் சொல்லுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

அப்படியானால் அது எவ்வாறு பிறந்தது? 'நாம்' என்பதோடு 'கள்' சேர்ந்து 'நாங்கள்' ஆயிற்று. 'தாம்' என்பதோடு 'கள்' சேர்ந்து 'தாங்கள்' ஆயிற்று. அவ்வாறே 'நீம்' என்ற பன்மையோடு 'கள்' சேர்ந்து 'நீங்கள்' ஆயிற்று. பன்மையின் மேல் மீண்டும் ஒரு பன்மை! ஏன் இந்த இரட்டைச் சுமை? பலருக்கு உரிய பழைய பன்மைச் சொற்கள் ஒருவரை மதித்துக் கூறவும் வந்துவிட்டால், உண்மையில் பலரை அழைக்கப் புதிய சொல் வேண்டியிருக்கும் அல்லவா? அதற்காக வந்த 'நீங்கள்' என்ற சொல்லையும் காலப்போக்கில் ஒருவருக்கே சூட்டி அழைத்தோம். இப்போது அதுவும் போதாதென்று 'தாங்கள்' என்கிறோம்.

மரியாதைச் சொல் என்பது நாணயம் போன்றது. புழங்கப் புழங்கத் தேயும். தேய்ந்த காசை விட்டுப் புதுக் காசை அடிப்பார்கள். 'நீர்' என்பதன் நிலையைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே ஓர் இடைப்படியில் நிற்கிறது. ஒரு காலத்தில் உயர்ந்து நின்ற சொல் அது.

ஆகவே, எந்தச் சொல்லும் பிறவியிலேயே உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. யார், யாரிடம், எவ்வாறு வழங்கினார் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. சுவீடனின் கதையும் இதையே சொல்கிறது. தமிழின் கதையும் இதையே சொல்கிறது.

தங்கவயல் கற்பிக்கும் பாடம்

இந்த உண்மையை ஏட்டில் அல்லாமல் வாழ்வில் பார்க்க விரும்பினால், தங்கவயலுக்கு வாருங்கள்.

1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலைப் பெரிதாக்கிய போது, வடஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் தமிழ் உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் மிகப் பலர், ஊரில் சேரிக்கு அப்பால் கால் வைக்க உரிமை மறுக்கப்பட்டவர்கள். 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் அம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. மேலே வெள்ளையர் மாளிகைகள். கீழே தொழிலாளர் லைன் வீடுகள். யார் யாரை எப்படி அழைப்பது என்பதை அந்த மேடு பள்ளமே சொல்லிக் கொடுத்துவிடும். ஆணையிடுவதற்காக மட்டும் ஒரு மொழியைக் கற்பவன் எதை முதலில் கற்பான்? 'வா', 'போ', 'எடு', 'வை'. அவை அனைத்தும் ஏவல் ஒருமை. அத்தனைக்குள்ளும் ஒரு 'நீ' ஒளிந்திருக்கிறது.

ஆனால், தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று எதிர்த்துக் கேட்ட மண்ணும் அதுதான். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் உறுதியான ஆதரவு இருந்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. பண்டிதர் 1914இல் மறைந்தார். பின்னர் 1926இல் ஜி. அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்கள் சாம்பியன் ரீஃபில் அச்சேறின. பிறர் தம்மீது ஒட்டிய இழிபெயரை மறுத்து, "நாங்கள் பூர்வ பௌத்தர்" என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். 1930ஆம் ஆண்டில், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காகப் போராடுவது எங்கும் உண்டு. "குற்றவாளியைப் போல எங்களை நடத்தாதே" என்று போராடுவதற்குத் தன்மானம் வேண்டும்.

இது வரலாறு. இனி என் தாத்தா சொன்னதைக் கேளுங்கள்.

நிலத்துக்கு அடியில் நண்பர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். "'நீ'தான். 'வாடா', 'போடா', 'மாமா', 'மச்சான்' எல்லாந்தான். கேஜுல ஏறி இறங்கினப்புறம் பெரியவன் என்ன, சின்னவன் என்ன? பாறை வெடிச்சா எல்லார் தலைமேலயுந்தான் விழும்."

"அப்படியானால் அந்தப் பையன் 'நீ' என்றபோது மட்டும் ஏன் மனம் நொந்தீர்கள்?" என்றேன்.

"கீழ அவன் என்னை 'நீ'ம்பான். நானும் அவனைத் திருப்பி 'நீ'ம்பேன். அது சிநேகம். மேல ஒருத்தன் 'நீ'ம்பான். நான் திருப்பிச் சொல்ல முடியாது. சொன்னா வேலை போயிடும். அது அதட்டல். சொல்லு ஒண்ணுதான்."

சுவீடனில் ஒரு பேராசிரியர் 1967இல் அறிவித்ததை, எங்கள் ஊரில் சுரங்கத்தின் ஆழத்தில் வேலை பார்த்தவர்கள் எந்த அறிவிப்பும் இல்லாமல் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். வேறுபாடு ஒன்றுதான். அங்கே அந்தச் சமத்துவம் அலுவலகத்துக்குள்ளும் கடைத்தெருவுக்குள்ளும் வந்தது. நம்மிடம் அது கேஜோடு மேலே ஏறி வரவில்லை.

ஏறுவதா, இறங்குவதா?

சமத்துவத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லாரும் 'நீ' என்று இறங்கி வருவது ஒன்று. எல்லாரும் 'நீங்கள்' என்று ஏறிச் செல்வது மற்றொன்று.

சுவீடன் இறங்கிற்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், எல்லாக் குடிமக்களையும் ஒருமையிலேயே அழைக்கவேண்டும் என்று அங்கும் முயன்றார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர், நீதிபதியையும் ஒருமையில் அழைத்துத் துன்பப்பட்டார்கள். ஆங்கில மொழியோ மறுவழியில் சென்றது. இன்று நாம் ஆண்டவனுக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒன்றுபோல் வழங்கும் 'யூ' என்ற சொல் பழங்காலத்தில் பன்மை. பிறகு மரியாதைச் சொல். எல்லாருக்கும் அதை வழங்கி வழங்கி, பழைய ஒருமைச் சொல் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தே போயிற்று. ஆங்கிலேயர் சமத்துவத்தில் நம்மைவிடச் சிறந்தவர் என்பதன்று இதன் பொருள். அவர்களின் மொழி ஏறிச் சமமாயிற்று, அவ்வளவே.

நமக்கு எந்த வழி? நான் ஏறும் வழியையே கேட்கிறேன். காரணம் எளிது. நம் நாட்டில் 'நீ' என்ற சொல்லின் மேல் சாதி உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ ஊர்களில் பத்து வயதுச் சிறுவன் எழுபது வயது முதியவரை 'நீ' என்றும், அந்த முதியவர் அச்சிறுவனை 'நீங்க' என்றும் அழைத்த வரலாறு நமக்கு உண்டு. அந்த வரலாறு உள்ள மண்ணில், "நாளை முதல் எல்லாரும் 'நீ'" என்றால் என்ன நடக்கும்? மேலே இருப்பவர் வழக்கம்போல் 'நீ' என்பார். கீழே இருப்பவருக்கோ வாய் எழாது. சட்டம் சமமாகும், பழக்கம் சமமாகாது. 'நீங்கள்' என்று எல்லாரையும் அழைப்பதில் இந்த இடர் இல்லை. கொடுக்க வேண்டியவர் கொடுத்தால் போதும். வாங்க வேண்டியவர் துணிய வேண்டியதில்லை.

அப்படியானால் 'நீ' என்ற இனிய சொல்லைத் தமிழிலிருந்து துரத்திவிடுவதா என்று கேட்பீர்கள். வேண்டா! தாயிடம், தோழனிடம், காதலில், கடவுளிடம் வழங்கும் சொல் அது. அதை இழந்தால் தமிழ் வறுமைப்படும். நான் கேட்பது ஒரே ஒரு விதி. தாத்தா சொன்னதுதான். யார் நம்மைத் திருப்பி 'நீ' என்று அழைக்க முடியுமோ, அவரை மட்டும் நாம் 'நீ' என்று அழைப்போம். மற்ற அனைவரும் 'நீங்கள்'.

பெற்றோர் நம்மை 'நீ' என்கிறார்களே, நாம் அவர்களைத் திருப்பி அழைப்பதில்லையே என்று ஒரு நண்பர் மடக்கினார். தூக்கி வளர்த்தவர்களுக்கு அந்த உரிமையை நாம் மனமுவந்து கொடுத்திருக்கிறோம். சம்பளம் கொடுப்பதனால் வரும் உரிமை அன்று அது. ஆனால் கணவன் மனைவியை 'நீ' என்பதும், மனைவி கணவனை 'நீங்க' என்பதும் எந்தக் கணக்கு என்று அதே நண்பரைத் திருப்பிக் கேட்டேன். விடை வரவில்லை. உங்களில் யாருக்கேனும் தெரிந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள்.

"மரியாதை மனத்தில் இருந்தால் போதாதா? நாவில் என்ன இருக்கிறது?" என்பார் சிலர். மனத்தில் உள்ளதை மற்றவர் எப்படிக் காண்பார்? மேலும் ஒன்று கேட்கிறேன். இதே நண்பர்கள் துறைத்தலைவரிடம் மரியாதையை மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டு 'நீ' என்று பேசத் துணிவார்களா?

"சொல் மாறினால் சோறு வந்துவிடுமா?" என்பார் வேறு சிலர். இது கூர்மையான கேள்வி, மதிக்கத்தக்க கேள்வி. வராது. 'நீங்கள்' என்று அழைத்துக்கொண்டே கூலியைக் குறைப்பவர் உண்டு. சுவீடனிலும் 'டூ' வந்ததனால் முதலாளியின் சம்பளமும் தொழிலாளியின் சம்பளமும் ஒன்றாகிவிடவில்லை. மூடிய சுரங்கத்தை எந்த மரியாதைச் சொல்லும் திறக்காது. ஆனால், ஒருவரை 'நீங்கள்' என்று அழைத்துப் பழகிய நாவுக்கு, அவருக்கு உரியதைக் கொடுக்க மறுக்கும்போது கொஞ்சமாவது கூச்சம் வரும். 'ஏய், நீ' என்று அழைக்கும் நாவுக்கு அந்தக் கூச்சமும் வராது. சொல் சோறு போடாது. ஆனால் சோறு கேட்கும் உரிமை இவருக்கும் உண்டு என்பதை நமக்கு நினைவூட்டும்.

நம் மன்றத்தில் தொடங்குவோம்

பிற மாநிலத்தில் வாழும் தமிழராகிய நம்மிடம் ஒரு தனிக் குறை இருக்கிறது. அதை நாம்தான் வெளிப்படையாகப் பேச வேண்டும். கன்னடத்தில் 'நீனு', 'நீவு' வேறுபாட்டை நாம் விரைவில் கற்றுக்கொண்டோம். தெலுங்கில் 'மீரு' என்பதையும் கற்றுக்கொண்டோம். கடையில், அலுவலகத்தில், பேருந்தில் காரியம் ஆகவேண்டுமே! ஆனால் நம் மொழி பேசும் ஏழை ஒருவர் எதிரே வந்தால், நம் நாவிலிருந்து முதலில் வருவது 'நீ'. பிற மொழியாரிடம் பணிவு. தம் மொழியாரிடம் பவிசு. தமிழ் வாழ்க என்று மன்ற வாயிலில் எழுதிவிட்டு, தமிழரைத் தாழ்த்தும் சொல்லை உள்ளே வழங்கினால், வாயிலில் எழுதியதற்கு என்ன பொருள்?

ஆகவே, இவ்வாண்டு மன்றத்தின் முதல் கூட்டத்தில் மூன்று செய்திகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: உணவுக்கூடத்திலும், விடுதியிலும், தோட்டத்திலும், வாயிலிலும் பணிபுரிவோர் அனைவரையும் மன்ற உறுப்பினர் 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டும்.

இரண்டு: முதலாண்டு மாணவரை மூத்த மாணவர் 'நீ', 'டா' என்பதும், அவர்கள் பதிலுக்கு 'அண்ணா, நீங்க' என்று நடுங்குவதும் நிற்க வேண்டும். 'நீ' என்று அழைக்க விரும்பும் மூத்தவர், தம்மையும் 'நீ' என்று அழைக்க முதலில் அனுமதி கொடுக்கட்டும். ரெக்செட் கொடுத்தார், நம் மூத்தவர்கள் அவரைவிடப் பெரியவர்களா?

மூன்று: மன்றத்தில் பேசும் மாணவியரை இடைமறித்து, "நீ உட்காரும்மா" என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர்கள் நம்மை "நீ உட்காருப்பா" என்று சொல்லும் நாள் வரட்டும்; பிறகு பார்க்கலாம்.

இவற்றுக்குத் தீர்மானம் வேண்டுமா, வேண்டாவா என்பதை உங்களிடமே விடுகிறேன். சுவீடனில் தீர்மானம் போட்டு வரவில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் பின்தொடர வந்தது. அங்கேயும் 1980களுக்குப் பிறகு கடைகளில் வேலை செய்யும் இளைஞர் சிலர் அந்தப் பழைய 'நீ' என்ற சொல்லை மரியாதை என்று கருதி வாடிக்கையாளரிடம் மீண்டும் வழங்கத் தொடங்கினார்கள். அது இழிவாக வழங்கிய காலத்தைக் கண்ட முதியோர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. சொற்களுக்குக் காவல் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

முடிக்குமுன் என் கணக்கை நான் நேர் செய்ய வேண்டும். தாத்தாவை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று மாலை, உணவுக்கூடத்துப் பெரியவரிடம் சென்றேன். "காலையில் நான் பேசினது தப்பு. நீங்க மன்னிக்கணும்" என்றேன். அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "பரவாயில்ல தம்பி, பழகிப் போச்சு" என்றார்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். 'பழகிப் போச்சு' என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம். அதைத் திரும்பப் பெற வேண்டியவர்களும் நாம்தாம்.

இதைப் படித்து முடித்ததும் நீங்கள் தேநீர் குடிக்கச் செல்வீர்கள். அங்கே ஒருவர் தம்ளரை உங்கள் முன் வைப்பார். அவரை எப்படி அழைக்கப் போகிறீர்கள்?